நிகழ்காலமா, இறந்தகாலமா? வினைச்சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிற பெற்றோர், வளர்ந்த பிறகு தமிழ் கற்கிறவர்கள், கட்டுரை எழுதுகிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள் என்று யார் கேட்டாலும் வினைச்சொல் பற்றிய சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. நிகழ்காலம் எளிது, இறந்தகாலம்தான் குழப்புகிறது என்பார்கள். ஆனால் நிகழ்காலத்தைக் கூர்ந்து பார்த்தாலே இறந்தகாலம் முக்கால்வாசி பிடிபட்டுவிடும். அதை மனதில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

ஒரு வினைச்சொல் எந்தக் காலம் என்று எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

நடுவில் பாருங்கள். முன்னால் இருப்பது பகுதி, என்ன செயல் என்று சொல்லும். கடைசியில் இருப்பது விகுதி, யார் செய்தது என்று சொல்லும். காலத்தைச் சொல்வது இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் இடைநிலை. செய்கிறான் என்பதில் செய் பகுதி, ஆன் விகுதி, நடுவில் கிறு. செய்தான் என்பதில் பகுதியும் விகுதியும் அப்படியே இருக்கின்றன, நடுவில் மட்டும் த் வந்துவிட்டது. ஆள் மாறவில்லை, செயல் மாறவில்லை, காலம் மட்டும் மாறியிருக்கிறது.

நன்னூல் சொல்லும் பட்டியல் சின்னதுதான். நிகழ்காலத்துக்கு கிறு, கின்று, ஆநின்று. இறந்தகாலத்துக்கு த், ட், ற் ஆகிய ஒற்றுகளும் இன் என்பதும். இதில் ஆநின்று (உண்ணாநின்றான்) இன்று வழக்கில் இல்லை, பழைய நூல்களில் பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும்.

கிறு சரியா, கின்று சரியா? 'வருகிறார்', 'வருகின்றார்' இரண்டும் பார்க்கிறேன்.

இரண்டும் சரி, பொருளிலும் வித்தியாசம் இல்லை. கின்று கொஞ்சம் கனமாக ஒலிக்கும், கிறு இயல்பாக ஓடும். ஒரே கட்டுரையில் காரணமில்லாமல் மாற்றி மாற்றிப் போடாமல் இருந்தால் நல்லது.

ஓரிரு இடங்களில் மட்டும் உங்களுக்குத் தேர்வு கிடையாது. அஃறிணைப் பன்மையில் கின்று மட்டும்தான் வரும். பறவைகள் பறக்கின்றன, மரங்கள் அசைகின்றன. 'பறக்கிறன' என்று ஒரு வடிவம் இல்லை. வருகின்றனர் என்பதும் அப்படித்தான், 'வருகிறனர்' கிடையாது.

இறந்தகாலத்துக்கு மட்டும் ஏன் இத்தனை வடிவங்கள்? நிகழ்காலம் மாதிரி ஒன்றே ஒன்று இருக்கக் கூடாதா?

வயது வித்தியாசம் ஒரு காரணம். சங்கப் பாடல்களில் கின்று, கிறு சேர்ந்த வடிவங்கள் மிக அரிது. பிற்கால இலக்கியத்தில்தான் அவை பரவலாகின்றன. அப்படிப் பின்னால் பரவிய ஒன்று எல்லா வினைகளிலும் ஒரே மாதிரி ஒட்டிக்கொண்டது. இறந்தகால வடிவங்களோ மிகப் பழையவை, நீண்ட காலம் புழங்கி, பக்கத்து ஒலிகளோடு கலந்து உருமாறியவை.

இன்னொன்று, கேட்பதற்குத் தெரிகிற அளவுக்கு அவை வேறு வேறு அல்ல. உண்டான் என்பதில் ட் இருக்கிறது, தின்றான் என்பதில் ற் இருக்கிறது. ண் பக்கத்தில் த் வந்தால் நாக்கு தானாக ட் பக்கம் போகும், ன் பக்கத்தில் வந்தால் ற் பக்கம் போகும். நன்னூல் மூன்றாகப் பிரித்துச் சொன்னாலும் ஒலியளவில் அவை ஒரே குடும்பம். அதை வைத்துப் பார்த்தால் இறந்தகாலத்தில் த் வகை, இன் வகை என்று இரண்டே பெரிய கூட்டம்தான்.

சரி, எந்த வினைக்கு எது வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மனப்பாடம்தான் வழியா?

இல்லை. இந்தப் பக்கத்தில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதே இந்தப் பதில்தான். நிகழ்கால வடிவத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள். கிறு-வுக்கு முன்னால் ஒரு க் கூடுதலாக ஒலிக்கிறதா, இல்லையா என்று கேளுங்கள்.

க் கூடுதலாக ஒலித்தால் இறந்தகாலமும் அழுத்தமாகவே இருக்கும், அதாவது த் இரட்டிக்கும். படிக்கிறான் – படித்தான், கொடுக்கிறான் – கொடுத்தான், சிரிக்கிறான் – சிரித்தான், நினைக்கிறான் – நினைத்தான், பார்க்கிறான் – பார்த்தான். க் கூடாமல் வெறும் கிறு மட்டும் வந்தால் இறந்தகாலம் மென்மையாகப் போகும். அறிகிறான் – அறிந்தான், வளர்கிறான் – வளர்ந்தான், வாழ்கிறான் – வாழ்ந்தான். யகர மெய்யில் முடிகிறவற்றில் ஒரு சின்னப் பிரிவு உண்டு. நெடிலுக்குப் பின் ய் வந்தால் ந்த் (பாய்ந்தான், காய்ந்தது, தேய்ந்தது), குறிலுக்குப் பின் வந்தால் பெரும்பாலும் வெறும் த் (செய்தான், பெய்தது, நெய்தான்).

விடு, கொடு இரண்டும் பார்ப்பதற்கு ஒரே அச்சு. ஆனால் விட்டான், கொடுத்தான் என்று பிரிந்து போகின்றன. பகுதியை மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் தெரியாது. நிகழ்காலத்தைச் சொல்லிப் பார்த்தால் விடுகிறான், கொடுக்கிறான் என்று அங்கேயே வேறுபாடு வந்துவிடுகிறது. படுகிறான் – பட்டான், படுக்கிறான் – படுத்தான் என்பதும் அப்படியே.

உங்கள் விதிப்படி 'நடக்கிறான்' என்பது 'நடத்தான்' ஆக வேண்டுமே, ஏன் 'நடந்தான்'?

நல்ல கேள்வி, கேட்காமல் விட்டிருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன். விதியை மீறுகிற கூட்டம் இது, ஆனால் கூட்டமாகச் சேர்ந்து மீறுகிறது. இதில் இருப்பவற்றின் பகுதியைக் கவனியுங்கள்: நட, கட, பற, பிற, மற, திற, இழ, சும, அள, கல, விய. எல்லாம் அகரத்தில் முடிகின்றன. அகரத்தில் முடியும் பகுதி என்றால் நிகழ்காலத்தில் க் கூடும், இறந்தகாலத்தில் ந்த் வரும். மறக்கிறேன் – மறந்தேன், திறக்கிறாள் – திறந்தாள், சுமக்கிறார் – சுமந்தார்.

அகரத்தில் முடியாமலே இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது இரு. இருக்கிறான் – இருந்தான். தினமும் பயன்படுத்துகிற சொல் என்பதால் யாருக்கும் இதில் தடுமாற்றம் வருவதில்லை.

கற்கிறான் – கற்றான், செல்கிறான் – சென்றான். கல், செல் இரண்டும் ல்-இல்தானே முடிகின்றன?

முந்தைய கேள்விக்கு முந்தைய பதிலில் சொன்ன அழுத்தம், மென்மை இங்கேயும் வேலை செய்கிறது, உடை மட்டும் வேறு. கல் என்பதன் நிகழ்காலத்தில் ல் போய் ற் வந்துவிட்டது, அதாவது வல்லினம். எனவே இறந்தகாலமும் வல்லினம்: கற்றான். விற்கிறான் – விற்றான், ஏற்கிறான் – ஏற்றான், தோற்கிறான் – தோற்றான். செல் என்பதில் ல் அப்படியே நிற்கிறது, செல்கிறான். எனவே இறந்தகாலத்தில் மெல்லினம் வருகிறது: சென்றான். வெல்கிறான் – வென்றான், கொல்கிறான் – கொன்றான், முயல்கிறான் – முயன்றான்.

ள்-இல் முடிகிறவையும் இதே தாளம்தான். கேட்கிறான் – கேட்டான், ஆனால் ஆள்கிறான் – ஆண்டான், கொள்கிறான் – கொண்டான். எனக்கு மிகவும் பிடித்த ஜோடி மீள், மீட்பு. துன்பத்திலிருந்து தானாக வெளியே வருகிறவன் மீள்கிறான், மீண்டான். இன்னொருவரை வெளியே கொண்டுவருகிறவன் மீட்கிறான், மீட்டான். ஒரே வேர், அழுத்தத்தை மாற்றினால் பொருள் திரும்பிவிடுகிறது.

விலக்கு இரண்டு. நிற்கிறான் என்பது நின்றான் ஆகும், சொல்கிறான் என்பது சொன்னான் ஆகும். இவற்றை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எழுதும்போது ஒன்றில் கவனம் வையுங்கள்: 'விற்த்தான்', 'கற்த்தான்' என்று ற்-க்குப் பக்கத்தில் இன்னொரு வல்லின மெய்யைப் போட்டு எழுதுகிறவர்கள் உண்டு, அது பிழை.

ஓடு என்றால் ஓடினான், நாடு என்றால் நாடினான். விடு மட்டும் ஏன் 'விடினான்' ஆகவில்லை?

உகரத்தில் முடியும் பகுதிகளில் நீளம்தான் முடிவு செய்கிறது. நெடிலில் தொடங்கினாலோ இரண்டு எழுத்துக்கு மேல் இருந்தாலோ பெரும்பாலும் இன் வரும். பாடு – பாடினான், பேசு – பேசினான், எழுது – எழுதினான், வாங்கு – வாங்கினான், உதவு – உதவினான். ஒற்றைக் குறிலும் டு அல்லது று-வும் மட்டும் இருந்து, நிகழ்காலத்தில் க் கூடாமல் இருந்தால், அந்த டு, று இரட்டித்தே காலம் காட்டும். விட்டான், தொட்டான், சுட்டான், நட்டான், பெற்றான்.

அப்படியானால் சாப்பிடு நீளமாகத்தானே இருக்கிறது, ஏன் 'சாப்பிடினான்' இல்லை என்று அடுத்த கேள்வி வரும். சாப்பிடு, கூப்பிடு, வெளியிடு இவற்றின் வாலில் இருப்பது இடு. இடு என்பது இட்டான் ஆகும், எனவே சாப்பிட்டான், கூப்பிட்டான், வெளியிட்டான். புறப்படு, ஏற்படு, ஈடுபடு வாலில் படு இருக்கிறது, எனவே புறப்பட்டான், ஏற்பட்டது, ஈடுபட்டான். கொண்டாடு வாலில் ஆடு, எனவே கொண்டாடினான். வாலைப் பிடித்தால் போதும்.

எந்த விதியிலும் அடங்காதவை எவை?

வா, தா, சா, போ, ஆ, வே, நோ மாதிரி ஓரெழுத்தில் முடிந்துபோகிற குட்டிச் சொற்கள். வருகிறான் – வந்தான், தருகிறான் – தந்தான், சாகிறான் – செத்தான், போகிறான் – போனான், ஆகிறது – ஆனது, வேகிறது – வெந்தது, நோகிறது – நொந்தது. காண்கிறான் – கண்டான் என்பதில் நெடில் குறிலாகிறது. அழுகிறான் – அழுதான், எழுகிறான் – எழுந்தான் என்று ஒன்றுபோலத் தெரிவது இரண்டு வழி போகும். இவற்றுக்கு மட்டும் மனப்பாடம் தேவை, ஆனால் பேசிப் பழகியவருக்கு ஏற்கெனவே நாக்கில் இருப்பவைதான்.

'கண்ணாடி உடைத்தது' என்று எழுதினால் தப்பா?

தப்புதான். கண்ணாடி எதையாவது போய் உடைத்தால் ஒழிய அப்படி எழுத முடியாது. உடை என்ற ஒரே பகுதிக்கு இரண்டு வரிசை இருக்கிறது. தானாக நடந்தால் உடைகிறது – உடைந்தது. ஒருவர் செய்தால் உடைக்கிறார் – உடைத்தார். தானாக நடப்பது மெல்லினம், இன்னொன்றின் மேல் செய்வது வல்லினம். மீள், மீட்பு பற்றி மேலே சொன்னதும் இதுவேதான்.

இந்த ஜோடிகள் தமிழில் ஏராளம். பிரிந்தது – பிரித்தது, சேர்ந்தது – சேர்த்தது, குறைந்தது – குறைத்தது, எரிந்தது – எரித்தது, மறைந்தது – மறைத்தது, முடிந்தது – முடித்தது. இவற்றில் ஒரு புள்ளி மாறினால் யார் பொறுப்பு என்பதே மாறிவிடுகிறது. 'ஆவணங்கள் அழிந்தன' என்பதும் 'ஆவணங்களை அழித்தனர்' என்பதும் ஒரே செய்தி இல்லை. செய்தி எழுதுகிறவர்கள், அறிக்கை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். குறிப்பாக 'விலை குறைத்தது' என்று அடிக்கடி கண்ணில் படுகிறது. விலை குறைந்தது, அல்லது யாரோ விலையைக் குறைத்தார்கள். இரண்டில் ஒன்றுதான்.

'வைதான்' என்று ஒரு கதையில் படித்தேன். 'வைத்தான்' என்பதன் அச்சுப்பிழையா?

பிழை இல்லை, வேறு சொல். வைகிறான் – வைதான் என்றால் திட்டினான். வைக்கிறான் – வைத்தான் என்றால் ஓரிடத்தில் இட்டான். இதே மாதிரி கடிகிறான் – கடிந்தான் என்றால் கண்டித்தான், கடிக்கிறான் – கடித்தான் என்றால் பல்லால். படிகிறது – படிந்தது என்றால் தூசி, படிக்கிறது – படித்தது என்றால் குழந்தை.

ஏறினான், ஏற்றினான், ஏற்றான் – மூன்றும் குழம்புகிறது.

நிகழ்காலத்துக்குப் போங்கள், பிரிந்துவிடும். ஏறுகிறான் – ஏறினான், தானே மேலே போனான். ஏற்றுகிறான் – ஏற்றினான், ஒரு பொருளை மேலே வைத்தான், அல்லது விளக்கை. ஏற்கிறான் – ஏற்றான், பொறுப்பை ஒப்புக்கொண்டான். 'பதவி ஏற்றினார்' என்று எழுதினால் பதவியை எங்கோ தூக்கி வைத்தார் என்று ஆகிவிடும். பதவி ஏற்றார்.

ஓடியது, ஓடினது, ஓடிற்று. எதை எழுதுவது?

இன்றைய எழுத்தில் ஓடியது. ஓடிற்று பழைய நடை, ஆனால் உயிரோடு இருக்கிறது. ஆயிற்று, போயிற்று எல்லோரும் எழுதுகிறோம். ஓடினது பேச்சின் பக்கம் சாய்ந்தது. ஓடியது என்பதில் இன் எங்கே என்று கேட்பார்கள். இன் என்பதன் ன் தேய்ந்து இ மட்டும் நிற்கிறது. போனான் என்பதில் தலைகீழாக இ தேய்ந்து ன் மட்டும் நிற்கிறது. பன்மைக்கு ஓடின என்று எழுதினால் முடிந்தது. 'ஓடினன' என்று கூட ஒரு ன சேர்க்க வேண்டாம். வந்தன, சென்றன என்பவற்றைப் பார்த்து வருகிற பழக்கம் அது.

பேச்சில் படிச்சான், உடைஞ்சுது என்கிறோம். அது கொச்சையா?

பேச்சுக்கு அதுதான் சரியான வடிவம், அதற்கும் கறாரான விதி இருக்கிறது. இ, ஐ, ய் ஒலிக்குப் பின்னால் வரும் த்த் மட்டும் ச்ச் ஆகும், ந்த் மட்டும் ஞ்ச் ஆகும். படித்தான் – படிச்சான், நினைத்தான் – நினைச்சான், தெரிந்தது – தெரிஞ்சுது. எடுத்தான், மறந்தான் இரண்டிலும் முன்னால் அந்த ஒலிகள் இல்லை, எனவே யாரும் 'எடுச்சான்', 'மறஞ்சான்' என்பதில்லை. செய்தான் மட்டும் செஞ்சான் என்று ஒரு மெல்லினத்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது.

'வந்தான்' என்பதும் 'வந்திருக்கிறான்' என்பதும் ஒன்றா? இரண்டாவதில் கிறு இருக்கிறதே?

வந்தான் என்றால் வந்த செயல் முடிந்தது, இப்போது இங்கே இருக்கிறானா என்பதைப் பற்றிப் பேச்சில்லை. வந்திருக்கிறான் என்றால் வந்தது முன்பு, அதன் விளைவு இப்போது, ஆள் பெரும்பாலும் இங்கேதான். கிறு ஒட்டியிருப்பது இரு என்ற துணைவினையில், வா என்பதில் அல்ல. எனவே வருகை இறந்தகாலம், இருப்பு நிகழ்காலம். இந்த இருப்பையும் பின்னுக்குத் தள்ளினால் வந்திருந்தான். 'நேற்று அவர் வந்திருந்தார்' என்றால் போயும்விட்டார்.

நேரில் பார்க்காமல் ஊகித்துச் சொல்லவும் இதே வடிவம் உதவும். தரை நனைந்திருப்பதைப் பார்த்து 'மழை பெய்திருக்கிறது' என்கிறோம். நனைந்தபடி வந்தவர் 'மழை பெய்தது' என்பார்.

'அவன் வரவில்லை' என்பது எந்தக் காலம்?

இரண்டும். நேற்று வரவில்லை என்றால் இறந்தகாலம், 'எனக்குத் தூக்கம் வரவில்லை' என்றால் இப்போது. எதிர்மறையில் இல்லை வந்ததும் இடைநிலை காணாமல் போய்விடுகிறது, பக்கத்தில் இருக்கிற சொற்கள்தான் காலம் காட்ட வேண்டும். எனவே எழுதும்போது நேற்று, இன்னும், இதுவரை மாதிரி ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள். வழக்கமாக நடப்பதில்லை என்றால் வருவதில்லை, இனி நடக்காது என்றால் வரமாட்டான்.

'நாளைக்கு மழை வந்தால்' என்பதில் இறந்தகால இடைநிலை எப்படி வந்தது?

நடுவில் இருக்கிற த் உண்மையில் இறந்தகாலத்துடையதேதான். ஆனால் அது பேசுகிற நேரத்தோடு ஒப்பிட்டு அல்ல, அடுத்து வரும் வினையோடு ஒப்பிட்டுக் காலம் காட்டுகிறது. மழை முதலில் வந்து முடிய வேண்டும், அப்புறம்தான் அடுத்தது நடக்கும். 'நாளை வந்து பார்க்கிறேன்' என்பதில் வந்து அப்படித்தான், பார்ப்பதற்கு முன்னால் வருகை முடிந்துவிடும். இதை இறந்தகால வினையெச்சம் என்று சொல்வதில் முரண்பாடு எதுவும் இல்லை.

கிளம்பவே இல்லை, 'இதோ வந்துவிட்டேன்' என்கிறோம். என்றோ வாழ்ந்த வள்ளுவர் 'சொல்கிறார்' என்கிறோம். இதெல்லாம் இலக்கணப் பிழை இல்லையா?

இல்லை, இலக்கணமே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் காலம் மாறி வரலாம் என்று நன்னூல் சொல்கிறது. 'இதோ வந்துவிட்டேன்' விரைவு. தெளிவுக்குக் காட்டும் பழைய எடுத்துக்காட்டு, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் மழை பெய்தது என்பது. இனிமேல்தான் பெய்யப் போகிறது, ஆனால் அவ்வளவு உறுதி. 'நாளைக்குக் கட்டாயம் வருகிறேன்' என்று வாக்குக் கொடுக்கும்போது நிகழ்காலத்தைப் போடுவதிலும் இந்த உறுதிதான் இருக்கிறது, வருவேன் என்பதைவிட அது ஒரு படி நெருக்கம்.

மலை நிற்கிறது, ஆறு ஓடுகிறது மாதிரி முக்காலத்துக்கும் பொதுவானதையும் நிகழ்காலத்தில்தான் சொல்ல வேண்டும். வள்ளுவர் சொல்கிறார் என்பதும் இதற்குப் பக்கத்தில் வருவதே. அவர் எழுதியது முடிந்த செயல், எனவே 'வள்ளுவர் குறளை எழுதினார்'. நூலைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கருத்து மறுபடி நம்மிடம் பேசுகிறது, எனவே 'வள்ளுவர் சொல்கிறார்'. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினாலும் பிழை வராது.